பொது நிறம்

சுண்டுவிரல் போனது ஒரு வியாழக்கிழமை,
வின்டர்தூரில், சீஸ் வெட்டும் மெஷினில்.
அங்கே எல்லாருடைய கையும் நீலம்,
கையுறை அப்படி.
வலியைவிட
அந்த நாள் சீஸ் முழுவதையும் கொட்டிவிட்டார்களே என்றுதான்
இரவு கனக்க நேரம் யோசித்தேன்.

காப்புறுதிப் படிவத்தில்
செயற்கை விரல், இடது கை, ஒன்று.
நிறம் என்ற இடத்தில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது:
தோல் நிறம்.
உலகத்தில் தோல் ஒன்றுதான் என்பதுபோல்.

உர்சினா கப்லிஷின் மேசையில் ஒரு வளையம்,
சாவிக்கொத்து மாதிரி,
அதில் இருபத்துநாலு சிலிக்கன் நாக்குகள்.
முன்பக்கம் பீங்கான், தந்தம், முத்து, மணல்.
பின்பக்கம் தேன், கரமெல், கோப்பி, சொக்லேட்.
நான் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன்.
இருபதுக்கு மேல் கையிருப்பில் இல்லை,
எடுப்பிக்க ஆறு கிழமை ஆகும் என்றாள்,
தன் பிழைபோல்.

ஒவ்வொன்றாகப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள்.
எதுவும் ஒத்துப்போகவில்லை.
என் கையை நானும் அப்போதுதான் பார்க்கிறேன்:
மொளிகளில் கருமை,
நகத்தடியில் ஊதா,
உள்ளங்கையில் வேறொருத்தி.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"

இருந்தது ஒரு பெயர்.
கலியாணப் பேச்சுக் காலத்தில்
தொலைபேசியில் அம்மா சொல்வாள்,
குரலைக் கொஞ்சம் தணித்து,
நேற்றைய மீனை விற்கிறவளைப் போல்:
"பிள்ளை பொது நிறம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம்.
பிறகு, "இளையவ வெள்ளையெல்லோ?"

கறுப்பு என்று சொல்லாமலிருக்க
நாங்கள் கண்டுபிடித்த சொல்.
மாந்தளிரின் நிறத்தை மாமை என்று
கொண்டாடிய மொழியும் இதுதான்;
பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதி
இரண்டு புள்ளி வாங்கியிருக்கிறேன்.

"பொது நிறம்" என்றேன்.
"பொது என்றால்?"
"எல்லாருக்கும் உரியது. பஸ் போல, நூலகம் போல."
அவள் வளையத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் விரல் இரண்டு படி வெளுப்பாக வந்தது.
போட்டுப் பார்த்தேன்.
உண்மையைச் சொல்கிறேன், பிடித்திருந்தது.
மற்ற ஒன்பதும் ஒதுங்கி நின்றன,
மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில்
நான் குசினிக்குள் நின்றதுபோல்.
இதையே வைத்திருக்கவா என்று
வாய்வரை வந்தது.
அதற்குள் உர்சினா கழற்றிவிட்டாள்.

பிறகு கலந்தாள்.
மண்ணிறம், மஞ்சள், சிவப்பு,
ஊசிமுனையளவு நீலம்.
நீலமா என்றேன்.
"அது இல்லாவிட்டால் செத்த தோல் ஆகிவிடும்."
முப்பத்தெட்டு வருடமாகப்
பவுடர் போட்டு மூடியதற்குள்
நீலம் இருந்திருக்கிறது.

மிஞ்சியதைப் போத்தலில் ஊற்றி
தன் எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள்.
வாசித்தால் போதுநீராம் என்று வரும்.
பரவாயில்லை.

நகத்தைச் சரிபார்க்க மறுபடி போன நாள்
என் கதிரையில் தெஸ்ஃபாலெம்.
எரித்திரியா, கட்டட வேலை, பெருவிரல்.
மேசையில் என் போத்தல் திறந்திருந்தது.
புறங்கையில் ஒரு துளி தடவிப் பார்த்துவிட்டுச்
சிரித்தார்:
"இல்லை, இது சரியான வெளிறல்."
என் வாழ்நாளில்
ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

உர்சினா நீலத்தை எடுத்தாள்.
"உங்கள் மொழியில்?"
தொண்டையின் அடியிலிருந்து ஒரு சொல் சொன்னார்.
அவள் இரண்டு தரம் எழுதி அழித்தாள்.
நானும் சொல்லிப் பார்த்தேன்,
வரவில்லை.
இன்னொருக்கால் சொல்லுங்கோ என்றேன்.